ஜெராக்ஸ் குரலும் பிங்க் மார்ட்டினியும்

ஆணி கொஞ்சம் குறைஞ்ச நேரமாப் பார்த்து இந்தப் பதிவு. பாட்டு பத்தின பதிவுதான். ஆனா ராஜா-ரகுமான் சண்டை இல்லை, அதனால தைரியமா உள்ளே வாங்க :-)

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம், போர்ட்லண்ட் நகரம். அதுக்குப் பக்கத்துல ஹில்ஸ்பரோன்னு ஒரு ஊர். சிப்பு செய்யற கம்பெனிகளை நம்பிப் பொழப்பு நடத்துற நம்மூர்க்காரங்க நிறைய பேர் உண்டு. நானும் அங்கே சில வருஷம் குப்பை கொட்டினேன். வருஷத்துல பாதி நாள் மழை தூறிக்கிட்டே இருக்கும். அப்படி ஒரு தூறல் நாள்ல, பக்கத்து சீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் ஒரு சிடியைக் கையில குடுத்து, "இது எங்க ஊர் பேண்டு, கேட்டுப் பாரு"ன்னார். பேரு பிங்க் மார்ட்டினி. பேரைப் பார்த்துட்டு ஏதோ பார்ல தண்ணியடிச்சிட்டு ஆடுற கோஷ்டின்னு நினைச்சேன்.

கேட்டா, கறுப்பு வெள்ளைப் படத்துக்குள்ள நடந்து போன மாதிரி இருக்கு! பியானோ, டிரம்பெட், வயலின், காங்கோ டிரம்முன்னு ஏறக்குறைய ஒரு டஜன் பேர். நடுவுல ஒரு பெண் குரல். கத்தாது, குழையாது, ஒரு டம்ளர் வெந்நீர் மாதிரி நிதானமா இறங்கும். அதுதான் சைனா ஃபோர்ப்ஸ்.

தெரியாதவங்களுக்குச் சின்னதா ஒரு முன்கதை. பேண்டை ஆரம்பிச்சவர் தாமஸ் லாடர்டேல், பியானோக்காரர். அவருக்கு முதல்ல ஆசை அரசியல் மேலதான். நிதி திரட்டுற கூட்டங்களுக்குப் போவார். அங்கே வாசிக்கிற இசை சகிக்கலை. சரி, நாமே ஒண்ணு ஆரம்பிப்போம்னு 1994ல ஆரம்பிச்சது இந்த பேண்டு. நூலகம், பூங்கா, குறைந்த வாடகை வீடுன்னு நல்ல காரியங்களுக்கு நிதி திரட்டுற கூட்டங்கள்ல வாசிச்சாங்க. ஹார்வர்டுல கூடப் படிச்ச சைனா ஃபோர்ப்ஸைப் பாட வரச்சொன்னார். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின முதல் பாட்டு 'சேம்பதீக்'. அமெரிக்காக்காரங்க பிரெஞ்சுல எழுதின பாட்டு பிரான்ஸ்லயே ஹிட்டு! அதோட பல்லவிக்கான கருகூட அப்போலினேர்ங்கிற பழைய பிரெஞ்சுக் கவிஞரோட கவிதையில இருந்து எடுத்ததுதான். அதே பேர்ல முதல் ஆல்பம் 1997ல வந்தது, சொந்தக் கம்பெனியில. கம்பெனிக்கு லாடர்டேலோட நாயோட பேரு - ஹைன்ஸ்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த பேண்டைப் பத்தி எங்க வட்டாரத்துல பேச்சு வந்தா மூணு கட்சி ஆகிடும்.

முதல் கட்சிக்குத் தலைவர் நம்ம கும்பகோணத்து நண்பர். கர்நாடக சங்கீதம் தவிர எதுவும் காதுக்குள்ள போகாது. அவர் தீர்ப்பு: "ஓய், இது ஸ்டார் ஓட்டல் லாபியில லிஃப்டுக்குக் காத்திருக்கிறச்சே கேக்கற சமாசாரம். பிரேசில்ல கொஞ்சம், கியூபாவுல கொஞ்சம், ஜப்பான்ல கொஞ்சம்னு எடுத்து, காரத்தை எடுத்துட்டுப் பரிமாறுறான். பாடுறவளுக்கு அர்த்தம் தெரியுமா? எல்லாம் வேஷம்."

சும்மா சொல்லக்கூடாது, அவர் பேச்சுல நியாயம் இருக்கு. 1950கள்ல அமெரிக்காவுல லவுஞ்ச் மியூசிக்னு ஒண்ணு கொடிகட்டிப் பறந்தது. மார்ட்டின் டென்னி 1957ல 'எக்ஸாட்டிகா'ன்னே ஆல்பம் போட்டார். பறவைக் கத்தல், மூங்கில் சத்தம் எல்லாம் சேர்த்து, சோபாவுல உக்காந்தபடியே தூர தேசம் போற மாதிரி ஒரு மயக்கம். அந்தத் தூர தேசத்து ஜனங்களோட கஷ்டநஷ்டம் எதுவும் அதுல இருக்காது. 1990கள்ல இந்த மோகம் மறுபடி வந்தப்போ, கோட்டு சூட்டு போட்டு கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு கிண்டலாப் பாடின கோஷ்டிகளும் உண்டு. பிங்க் மார்ட்டினியையும் அந்தக் கணக்குல சேர்த்தவங்க இருக்காங்க.

ரெண்டாவது கட்சி, சிடி குடுத்த பெரியவர். அவருக்கு பேண்டுன்னா சைனா ஃபோர்ப்ஸ்தான், மத்ததெல்லாம் பக்கவாத்தியம்.

மூணாவது கட்சி எங்க வீட்டுத் தங்கமணி. அவங்க எப்படிக் கட்சி ஆரம்பிச்சாங்கன்னு சொல்றதுக்கு 2011க்குப் போகணும். அந்த வருஷம் சைனா ஃபோர்ப்ஸுக்குக் குரல் நாண்ல அறுவை சிகிச்சை. ஒத்துக்கிட்ட கச்சேரிகளை என்ன செய்யறது? அதே போர்ட்லண்டுல ராக் பாடிக்கிட்டிருந்த ஸ்டார்ம் லார்ஜைக் கூப்பிட்டாங்க. 2006ல டிவி ராக் போட்டியில கலந்துக்கிட்டுப் பேர் வாங்கினவங்க. ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். முதல் மேடையே வாஷிங்டன் கென்னடி சென்டர்ல, சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோட. இன்னொருத்தங்களுக்காக அளவெடுத்துத் தெச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு, அதுவும் வாயில நுழையாத மொழிகள்ல போய் நின்னிருக்காங்க.

அதுக்கப்புறம் ஒரு டிசம்பர்ல நாங்க நேர்ல பார்க்கப் போனோம். போர்ட்லண்ட் நடுவுல ஷ்னிட்சர் அரங்கம், 1928ல சினிமாக் கொட்டகையாக் கட்டினது. தங்கமணி, பெரியவர், இலவச டிக்கெட்டுன்னதும் கூட வந்த கும்பகோணத்தார், நான். மேடைக்கு வந்தது ஸ்டார்ம் லார்ஜ். பெரியவர் முகம் சுருங்கிடுச்சு. எனக்கும்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் சிடியில கேட்ட குரலோட ஒப்பிட்டுக்கிட்டே இருந்தேன். இங்க இழுக்கக் கூடாது, அங்க கத்தக் கூடாது. தங்கமணியோ கை தட்டித் தட்டிச் செவந்து போயிட்டாங்க. "என்னங்க, அவங்க எப்படி ரசிச்சுப் பாடுறாங்க! நீங்க பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி உக்காந்திருக்கீங்க."

பரீட்சை பேப்பர்ங்கிற வார்த்தை சுருக்குனு குத்திச்சு. ஏன்னு சொல்லணும்னா ஒரு கொசுவத்தி சுத்தணும். கொஞ்சம் பொறுத்துக்குங்க.

எங்கப்பா திருச்சியில கூட்டுறவு சங்கத்துல குமாஸ்தா. அது பகல்ல. முகூர்த்த நாள் ராத்திரிகள்ல மெல்லிசைக் குழுவுல டிஎம்எஸ் குரல். கல்யாண வீடு, கோயில் திருவிழா, மாரியம்மன் தேர்னு போவார். ஒரு கச்சேரிக்கு 75 ரூபாய், கூட ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். பாடி முடிச்சதும் பாதிப் பேர் "அப்படியே டிஎம்எஸ்ஸே வந்த மாதிரி இருந்துச்சுண்ணே"ம்பாங்க. மீதிப் பேர் "என்ன இருந்தாலும் ரெக்கார்டு மாதிரி வருமா"ம்பாங்க. ரெண்டுலயும் அவர் பேரு இருக்காது பாருங்க.

ஒன்பதாவது படிக்கும்போது எங்க தெரு முக்குல கச்சேரி. மறுநாள் கிளாஸ்ல ஒருத்தன் "டேய், உங்கப்பா ஜெராக்ஸ் டிஎம்எஸ்டா"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சதோட நிக்காம, வீட்டுக்கு வந்து அதை ஒரு ஜோக்கா அப்பாகிட்டயே சொன்னேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தார். கோபப்படலை. "ஒரிஜினல் கேக்கணும்னா வீட்டுல ரேடியோ இருக்குடா. கல்யாண வீட்டுல உக்காந்து பாட ஆள் வேணும்ல?"ன்னு சொல்லிட்டு காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்ச்சார். அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு அவருக்குத் தொண்டையில சின்னக் கட்டி. மூணு மாசம் பாடக்கூடாதுன்னுட்டார் டாக்டர். குழுவுல ஒரு சின்னப் பையனைப் போட்டாங்க. முதல் கச்சேரிக்கு அப்பா என்னையும் கூட்டிட்டுப் போனார். பையன் நடுங்கிக்கிட்டே ஆரம்பிச்சான், நாலாவது பாட்டுல கூட்டத்தைப் பிடிச்சுட்டான். அப்பாவுக்குக் கூட விழாத கைதட்டல். எனக்கு அந்தப் பையனை அடிக்கணும் போல இருந்துச்சு. அப்பா எழுந்து போனார். மேடைக்குப் பின்னாடி அவனுக்குப் பனங்கற்கண்டு போட்ட பாலை ஆத்திக் குடுத்துக்கிட்டு இருந்தார். அப்புறம் குரல் திரும்பி வந்துச்சு, ஆனா மேல் ஸ்தாயி வரலை. மெதுவான பழைய பாட்டு அப்பாவுக்கு, வேகமானது அவனுக்குன்னு பிரிச்சுக்கிட்டாங்க. குழு இன்னும் ஆறேழு வருஷம் ஓடுச்சு.

கொசுவத்தி முடிஞ்சது. திரும்பவும் ஷ்னிட்சர் அரங்கம்.

முப்பது வயசு தாண்டியும் நான் அந்தப் பின்பெஞ்சுலயேதான் உக்காந்திருக்கேன்னு அன்னிக்குப் புரிஞ்சது. மேடையில ஒருத்தி உயிரைக் குடுத்துப் பாடிக்கிட்டிருக்கா, நான் சிடியோட ஒப்பிட்டு மார்க் போட்டுக்கிட்டு இருக்கேன். அடுத்த பாட்டுல இருந்து மார்க் போடறதை நிறுத்தினேன். பிடிச்சுதான்னு கேட்டா, எல்லாமே பிடிக்கலை. சில பாட்டு ஃபோர்ப்ஸ் குரலுக்குன்னே பிறந்ததுன்னு இப்பவும் நினைக்கிறேன். ஆனா அது வேற, 'இவ யாரு அந்த இடத்துல நிக்க'ங்கிற எரிச்சல் வேற. இதுல ரெண்டாவது அவங்களோட தப்பே இல்லை.

கும்பகோணத்தார் சொன்ன 'வேஷம்' விஷயத்தையும் யோசிச்சேன். மொழி தெரியாம பாடினா பொய்யா? எஸ்பிபிக்கும் சுசீலாம்மாவுக்கும் தாய்மொழி தெலுங்கு. அவங்க பாட்டுல தமிழ் இல்லைன்னு யாராவது சொல்லுவோமா? பழசைப் பார்த்துப் பாடினா நகலா? டிஎம்எஸ்ஸே 1950ல 'கிருஷ்ண விஜயம்' படத்துல பாகவதர் மாதிரி பாடித்தான் சினிமாவுக்குள்ள வந்தார். அன்னிக்கு யாராவது அவரை "ஜெராக்ஸ் பாகவதர்"னு சொல்லியிருப்பாங்களோ என்னவோ! பழசைக் கைமாத்தி வாங்கிப் பாடிப் பாடித்தான் ஒருத்தனுக்குச் சொந்தக் குரல் வருது. சிலருக்குக் கடைசி வரை வராமலே போகலாம். அப்பவும் அன்னிக்குக் கல்யாண வீட்டுல பாட்டு நடந்தது நிஜம்தானே?

ஒரு வித்தியாசமும் சொல்லணும். கிண்டலுக்காகப் பழசை எடுக்கிறவங்க உண்டு, பிரியத்துக்காக எடுக்கிறவங்க உண்டு. லாடர்டேல் பழைய ரெக்கார்டு கடையில சாவோரி யுகின்னு ஜப்பான் பாடகியோட எல்பியைப் பார்த்து மயங்கி, கடைசியில அவங்களையே தேடிப் பிடிச்சு 2011ல சேர்ந்து ஆல்பம் போட்டார். பேரு '1969'. பெரும்பாலும் அந்தக் காலத்துப் பாட்டுகள். உரியவங்களையே கூப்பிட்டுப் பாட வைக்கிறவனைத் திருடன்னு எப்படிச் சொல்றது? 2013ல வந்த 'கெட் ஹாப்பி' ஆல்பத்துல ஃபோர்ப்ஸும் இருக்காங்க, ஸ்டார்ம் லார்ஜும் இருக்காங்க. குரல் சரியாகி வந்தவங்க, இடத்தைக் காலி பண்ணுன்னு சொல்லலை. அதைக் கேட்டப்போ எனக்குப் பனங்கற்கண்டுப் பால் வாசனை அடிச்சுது. நம்புங்க.

அன்னிக்குக் கச்சேரி கடைசியில 'பிரேசில்' பாட்டு. ஜனங்க ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கை வெச்சு ரயில் மாதிரி ஆடிக்கிட்டுப் போறது இவங்க கச்சேரியில வழக்கம். திரும்பிப் பார்த்தா பக்கத்து சீட்டு காலி. ரயிலோட நடுப் பெட்டியில நம்ம கும்பகோணத்தார்! வெளியில வந்து கேட்டதுக்கு, "கால் மரத்துப் போச்சு ஓய், அதான் நடந்தேன்"னார். அவ்வ்வ்வ்...

பெரியவர் மட்டும் மாறலை. கார்ல ஏறினதும் ஃபோர்ப்ஸ் சிடியைத்தான் போட்டார். அதுவும் சரிதான். பிடிச்ச குரலுக்கு விசுவாசமா இருக்கிறதுல என்ன தப்பு?

கடைசியா ஒண்ணு. டோரிஸ் டே 1956ல ஹிட்ச்காக் படத்துல பாடின 'கே செரா செரா'வை பிங்க் மார்ட்டினி முதல் ஆல்பத்துல எடுத்திருக்காங்க. டோரிஸ் டே அதைச் சிரிச்சுக்கிட்டே பாடுவாங்க. இவங்க அதை மெதுவாக்கி, ஆளில்லாத பொருட்காட்சியில ராட்டினம் தனியாச் சுத்துற மாதிரி ஆக்கிட்டாங்க. போன தடவை ஊருக்குப் போனப்போ அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு இப்ப எழுபதைத் தாண்டிடுச்சு. பாடறது விட்டுப் பல வருஷம். நாலு வரி கேட்டதும், "இது ஆரவல்லி படத்து மெட்டுல்ல?"ன்னார். ஆமா, 1957ல ஜி. ராமநாதன் இசையில வந்த அதே மெட்டு.

முழுசாக் கேட்டுட்டு, "அந்தப் பொண்ணு பயந்து பயந்து பாடுது. நாளைக்கு என்ன ஆகும்னு கேக்குற பாட்டுதானே, பயம் இருக்கும்தான்"னார். அப்புறம் ஆரவல்லி மெட்டைத் தன்னோட உடைஞ்ச குரல்ல முனகினார். மேல் ஸ்தாயி வர்ற இடத்துல நிறுத்திட்டு, கையை மட்டும் மேல தூக்கிக் காட்டினார்.

அப்பா, அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். "இன்னொரு தடவை போடு"ன்னார். போட்டேன்.

சரி மக்களே, நீங்க எந்தக் கட்சி? ஃபோர்ப்ஸா, ஸ்டார்ம் லார்ஜா, இல்லை லிஃப்டுக்குக் காத்திருக்கிற கட்சியா?

டிஸ்கி: கும்பகோணத்தார் இதைப் படிக்க மாட்டார்ங்கிற நம்பிக்கையில எழுதினது. படிச்சிட்டா, ரயில்ல ஆடினது அவர் இல்லை, அவரை மாதிரியே இருந்த ஒரு ஜெராக்ஸ் :-)