விளையாட்டுப் பெட்டியில் நடவுப் பாட்டு

ஒரு வினைக்கென்று ஆக்கப்பட்ட பொருளைப் பிறிதொரு வினைக்குக் கொள்ளும் வழக்கம் மாந்தரிடைத் தொன்றுதொட்டு இருந்து வருவது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடையன், தீக்கடைகோலால் துளையிட்ட குழலை ஊதிச் சலித்தபின், குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்றைத் தானே செய்துகொள்கின்றான். யாழ்வல்லார் எவரும் அவனுக்கு அதனைச் செய்து கொடுத்திலர். சிறுவர் விளையாடுதற்கென்று ஜப்பானியர் செய்த மின்பெட்டி யொன்று இன்று உலகின் பல பகுதிகளில் இசைக்கருவியாய் வழங்குவதை நோக்குங்கால், எமது நினைவுக்கு வருபவன் அவ்விடையனே.

அப்பெட்டியின் பெயர் கேம் பாய். நின்டெண்டோ நிறுவனத்தார் 1989 ஏப்ரல் 21ஆம் நாள் அதனை ஜப்பானில் விற்கத் தொடங்கினர். குன்பேய் யோக்கோய் என்பார் தலைமையில் அமைந்த குழுவினரின் ஆக்கம் அது. நான்கு சிறு பேட்டரிகளால் இயங்குவது, கைக்குள் அடங்குவது, அதன் திரையில் நிறங்கள் இல்லை, ஒரே சாயலின் நான்கு படிகளே உண்டு. அதன் ஒலியும் நான்கே குரலுள் அடங்கும். சதுர அலை எழுப்பும் குரல்கள் இரண்டு. நாமே வடிவமைக்கத் தக்க அலைக்குரல் ஒன்று. மழைபோல் இரையும் வெற்றொலி ஒன்று. அலைக்குரலுக்கு நாம் வரையக்கூடியவை 32 புள்ளிகளே. ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்களே. வெண்பாவுக்குத் தளை எத்துணையோ, இப்பெட்டிக்கு இவ்வெண்கள் அத்துணை.

பந்தயமும் சண்டையும் ஆடுதற்கு வந்த பெட்டியைப் பாட வைத்தவர்கள் ஐரோப்பிய இளைஞர் இருவர். 1998இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆலிவர் விட்சோ நானோலூப் என்னும் செயலியை இயற்றினார். 2000இல் சுவீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி லிட்டில் சவுண்ட் டி.ஜே. என்னும் செயலியை இயற்றினார். ஆட்டத்தட்டு செருகும் துளையில் இச்செயலி யேற்றிய தட்டைச் செருகினால், ஆட்டத்துக்குப் பதிலாக எண்களும் எழுத்துகளும் நிறைந்த பட்டியல் தோன்றும். பதினாறு படிகள் சேர்ந்தது ஒரு தொடர். தொடர்கள் சேர்ந்தது ஒரு சங்கிலி. சங்கிலிகள் சேர்ந்தது பாட்டு. ஒன்பதுக்குப் பின் பத்து வாராது, 'ஏ' வரும். அது பழகுமட்டும் தலை சுற்றும்.

இத்தகைய பொருள் பிள்ளையார்குப்பத்துக்கு எவ்வாறு வந்ததென வாசகர் வினவலாம். எம்மூர் பாகூர்க் கொம்யூனைச் சார்ந்தது. புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், மருத்துவக் கல்லூரியொன்றினால் இப்பொழுது பலரும் அறிந்தது. புதுவைப் பகுதியில் பிரான்சு நாட்டில் உறவினர் இல்லாத தெரு அரிது. எம் பெரியப்பாவின் மகனார் பாரீசு நகரில் வளர்ந்தவர். அங்கு இப்பெட்டியில் இசை யமைக்கும் நண்பர்களோடு பழகி, தாமும் பல ஆண்டு அமைத்துப் பார்த்தவர். சென்ற கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "நீ தமிழ் படிக்கிறவன், யாப்புத் தெரிந்தவன், இது உனக்குப் பிடிக்கும்" என்று எம் கையில் அதனைக் கொடுத்துச் சென்றனர்.

பெட்டி முன்னமே மாற்றப்பட்டிருந்தது. பழைய திரைக்கு உள்வெளிச்சம் இல்லை; இவர் திரையின் பின்னே விளக்குப் பலகை யொன்றைப் பொருத்தியிருந்தார். ஆயின் காதுக்குழாய்த் துளையின் வழி வரும் ஒலியில் ஓயாத சீறல் கலந்திருந்தது. ஒலி பெருக்கப்படுதற்கு முன்பே, ஒலியளவைத் திருத்தும் சக்கரத்தின் அடியிலிருந்து, இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றும் பொதுவில் ஒன்றுமாக மூன்று கம்பிகளை வெளியே இழுத்தால் அச்சீறல் பெரிதும் நீங்கும். பாகூர்க் கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் அரைமணி நேரத்தில் அதனைப் பற்றவைத்துக் கொடுத்தார். கூலி கேட்டதற்கு, "பாட்டைக் காட்டு, போதும்" என்றார். அந்நாளில் எம்மிடம் காட்டப் பாட்டு இருந்திலது.

மேனாட்டார் இப்பெட்டியில் அமைத்தவற்றுட் பலவற்றைக் கேட்டோம். பெரும்பாலானவை விரைவையே அழகாகக் கொண்டவை. அவற்றைப் பின்பற்ற எமக்கு மனம் இல்லை. வீட்டில் ஆயாவிடம் ஒரு நடவுப் பாட்டு இருந்தது. பாகூர் ஏரிப் பாசனத்து வயல்களில் நாற்பது ஆண்டு நாற்று நட்டவர் அவர். ஒருத்தி முன்பாட, ஏனையோர் வாங்கிப் பாட, பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்களாம். எம் தெருவில் அப்பாட்டை முழுதும் அறிந்தவர் இப்பொழுது ஆயா ஒருவரே. அவருக்கும் இழைப்பு நோய். ஒரு மூச்சில் ஓரடிக்குமேல் வாராது. ஆதலின், கைப்பேசியில் பதிந்து வைத்தால் ஆகாதோ என்பார்க்கு எம் விடை இது: பதிந்தும் வைத்துள்ளோம். ஆனால் பதிவு கேட்கவே உதவும். பாட்டு எப்படி நடக்கிறதென அறிய வேண்டுமாயின், படிப்படியாக அதனை மீண்டும் கட்டிப் பார்க்க வேண்டும்.

முதற் சதுர அலையை முன்பாடுபவளுக்கும், இரண்டாவதைச் சிறிது சுருதி பிசகவைத்து வாங்கிப் பாடுவோர்க்கும் கொடுத்தோம். அலைக்குரல் கீழே சுருதி பிடித்து நின்றது. வெற்றொலியைக் குறுக்கி, சேற்றில் கால் வைக்கும் ஓசையாக்கினோம். பாட்டு மும்மூன்றாய் நடப்பது. பதினாறு படியில் அடங்காது. 'எச்' என்னும் கட்டளையால் பன்னிரண்டு படியோடு நிறுத்தி அடுத்த தொடருக்குத் தாவச் செய்தபின் நடை பிடிபட்டது.

சுரம் பிடிபடவில்லை. செயலி தரும் சுரங்கள் பியானோவுக்குரிய பன்னிரண்டே. ஆயாவோ ஒரு சுரத்தில் நில்லாது, மேலிருந்து வழுக்கி இறங்கி, இடைநின்று, மீண்டும் தொட்டுச் செல்பவர். எம் சிற்றாலயத்து ஆர்மோனியத்திலும் இதே இடர்ப்பாடு உண்டு. கமகத்துக்கு இடங்கொடாதென்னும் குறையால் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971இல்தான் அத்தடையைத் தளர்த்தியது என்பது பலரும் அறிந்ததே. ஆர்மோனியத்தின் கட்டையை வளைக்க இயலாது. இப்பெட்டியின் உள்ளே அப்படியன்று. சதுர அலைக் குரலின் உயரத்தைக் குறிக்க அதற்கு 2,048 எண்கள் உண்டு. 131,072 என்னும் எண்ணை, 2,048இலிருந்து நாம் கொடுக்கும் எண்ணைக் கழித்த மிச்சத்தால் வகுத்தால், நொடிக்கு எத்தனை அதிர்வென்பது கிடைக்கும். இக்கணக்கின் விளைவு வியப்புக்குரியது. 880 அதிர்வினருகே ஓர் அரைச்சுரத்துக்குள் ஏறத்தாழ 8 படிகளே உள. 440 அருகே 17. 220 அருகே 33. கீழே இறங்க இறங்க நுண்மை பெருகுகின்றது.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஒரு ஸ்தாயியை 24 சமபாகமாக வகுக்கும் கொள்கையை நாட்டப் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டிருப்பதைத் தமிழ் மாணவர் கண்டிருப்பர். கண்டு அஞ்சிப் புரட்டியுமிருப்பர். யாமும் அவருள் ஒருவரே. அக்கொள்கை பற்றிய வழக்கை ஈண்டுத் தீர்க்கப் புகவில்லை. ஆயினும், அரைச்சுரத்தைப் பாதியாக்கும் அவ்வளவை 33 படியுள்ள இடத்தில் தாராளமாக நிறுத்தலாம். 8 படியுள்ள இடத்திலோ நெருக்கடியாக இருக்கும். எனவே ஆயாவின் பாட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, 'எல்' என்னும் வழுக்கற் கட்டளையையும், 'பி' என்னும் வளைவுக் கட்டளையையும் அடிதோறும் மாற்றி மாற்றி யிட்டோம். ஓரடிக்கு ஒரு வாரம் சென்றது.

முடிந்தவற்றை ஆயாவுக்குக் கேட்பித்தோம். கூடத்தில் இருந்த சித்தப்பா, "வண்டு இரைகிற மாதிரி இருக்கு" என்றார். அது பொய்யன்று, மெல்லிய குரல்தான், ஒரு மணி நேரம் கேட்கத் தக்கதன்று. ஆயா கண்மூடிக் கேட்டு, "மெட்டு அதேதான் கண்ணு. ஆனா மூச்சே வாங்கலியே. குனிஞ்சு நடுறவ மூச்சு வாங்காம எப்படிப் பாடுவா?" என்றார். பின்பு எழுந்து நின்று, குனிந்து, நாற்று முடியைப் பிரிப்பதுபோல் கையை வைத்து, எங்கே பாட்டு நிற்கும், எங்கே கால் பின்வாங்கும் என்று காட்டினார். பதிவில் நோயின் இழைப்பென்று யாம் கருதிய இடங்களுட் சில, பாட்டுக்கே உரிய நிறுத்தங்கள். ஒலியை அறுக்கும் 'கே' கட்டளையை அவ்விடங்களில் இட்டு, சேற்றொலியை அந்த இடைவெளிக்கே நகர்த்தினோம். அதன்பின் பாட்டு நடந்தது.

இனி ஒன்று. இப்பெட்டியின் பழைய தட்டுகளில் பாட்டுகளைக் காத்து நிற்பது காசளவான ஒரு பேட்டரி. அது தீர்ந்தால் உள்ளேயுள்ள யாவும் அழியும். பெரியப்பா மகனார் அமைத்தவை அனைத்தும் தட்டொன்றில் இருந்தன. அவர் ஈராண்டு அதனைத் தொடாதிருந்து மீளத் திறந்தபோது வெறும் பட்டியலே இருந்ததாம். ஏட்டைச் செல்லரிக்கச் சில தலைமுறை செல்லும். இதற்கு அத்தவணையும் இல்லை. பேட்டரியைக் கழற்றும் பொழுதிலும் அழிவு நேரும். ஆதலின் முதலில் தட்டைக் கணினியோடு இணைத்துப் படியெடுத்த பின்னரே, பாகூர் அண்ணன் புதிய பேட்டரியைப் பற்றவைத்தார். அன்று அவருக்குப் பாட்டைக் காட்டினோம். அவர் தாயார் வேறொரு மெட்டில் பாடுவார் என்றார்.

ஆயா இப்பொழுது களைபறிப்புப் பாட்டு ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருக்கின்றார். நாளுக்கு இரண்டடி வருகின்றது. அது ஏழெண்ணி நடப்பது; பதினான்கு படியோடு தாவ வேண்டும்.