மாதவரத்திலிருந்து ஞாயிறு வரை

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் விடுமுறைக் காலையில் எங்கே போகலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் சொல்வார்கள். முட்டுக்காடு, கோவளம், காலில் இன்னும் வலு இருந்தால் மாமல்லபுரம். நல்ல சாலைதான், மறுக்கவில்லை. ஆனால் மாதவரத்தில் குடியிருப்பவன் அந்தச் சாலையைத் தொடுவதற்கே நகரத்தை நீளவாக்கில் கடந்தாக வேண்டும். அதே உழைப்பை வடக்கே செலவிட்டால் நெல் வயலையும் ஏரிக்கரையையும் ஓர் ஆற்றையும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். இதைச் சொன்னால், "வடக்கேயா? அங்கே லாரியும் புகையும்தானே" என்கிறார்கள். லாரியும் புகையும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போவதற்கு ஏற்ற மாதம் மாசி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது சென்னைக்கும் பொருந்துமா என்று சந்தேகப்படுகிறவர்கள், விடியுமுன் புழல் ஏரிக்குக் கிழக்கே வந்து பார்க்க வேண்டும். ஏரியின் ஈரமும் வயல்களின் ஈரமும் சேர்ந்து சாலையை ஒட்டிப் பனி இறங்கியிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஹேண்டில்பார் பிடி நனைந்து வழுக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே கைக்குட்டை ஈரமாகிவிடும். பங்குனி பிறந்துவிட்டால் இதெல்லாம் கிடையாது, எட்டு மணிக்கே முதுகு எரியத் தொடங்கிவிடும்.

என்னோடு வந்தவர் எங்கள் தெரு அண்ணன். மணலியில் ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக்குப் போன காலம் முழுவதும் சைக்கிள்தான் அவருக்கு வண்டி. பக்கத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.வும் வீட்டுச் சாமான் ஆகிவிட்டிருந்தன. அண்ணனிடம் இன்னும் அந்த ஹெர்குலஸ் இருக்கிறது. கேரியர், செயின் கவர், கம்பி பிரேக் எல்லாம் சரியாக இருக்கும்படி வைத்திருக்கிறார். என்னுடைய கியர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வேலைக்குப் போகாம சும்மா சைக்கிள்ல போறது எனக்கு இதாம்பா முதல் தடவ" என்றார். நாற்பது வருடம் மிதித்த ஒருவர் இதைச் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. மிதிப்பதில் சுகம் இருக்கிறது என்று கண்டுகொள்ள ஷிஃப்ட் சங்கு அவருக்கு இடம் விட்டதேயில்லை.

அதிகாலை ஐந்து மணிக்கும் மாதவரம் ரவுண்டானா தூங்குவதில்லை. ஆந்திரப் பேருந்துகள் முனையத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 3ஆம் வழித்தடமும் 5ஆம் வழித்தடமும் பால்பண்ணையிலிருந்துதான் புறப்படுகின்றன. அதனால் போகிற வழியெங்கும் தூண்களும் தடுப்புத் தகரங்களும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்து மரங்களை ஒட்டிப் போகும்போது மட்டும் சத்தம் அடங்கி வைக்கோல் வாசனை வரும்.

அடுத்து மாதவரம்–செங்குன்றம் சாலை. எம்.ஆர்.எச். ரோடு என்றால்தான் இங்கே ஆளுக்குப் புரியும். இரண்டு பக்கமும் கிடங்குகள், கன்டெய்னர் யார்டுகள், லாரி பட்டறைகள். இந்தச் சாலையில் சைக்கிளுக்கு எதிரி லாரிச் சக்கரம் மட்டுமல்ல, லாரி டயர் வெடித்துச் சிதறிய ரப்பர்த் துண்டுகளும்தான். அவற்றுக்குள் மெல்லிய எஃகுக் கம்பிகள் இருக்கும். ஒன்று என் பின்சக்கரத்தில் ஏறிவிட்டது. டியூபை மாற்றினால் மட்டும் போதாது, கம்பி டயருக்குள்ளேயே இருந்தால் புது டியூபும் அரை மைலில் போய்விடும். விரலால் தடவியதில் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அண்ணன் என் ஈரக் கைக்குட்டையை வாங்கி டயரின் உட்புறம் மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நூல் மாட்டியது. அங்கே நகநுனியால் வளைத்து இழுத்தார்; கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கம்பி வெளியே வந்தது. எதிரே லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் கம்ப்ரஸர் குழாயோடு ஓடி வந்தார். "பாத்து அடிப்பா, இது லாரி டயர் இல்ல" என்று அண்ணன் சொல்ல, அவர் காற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வடபெரும்பாக்கத்தில் புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் குறுக்கே வருகிறது. புழல் ஏரியைச் சென்னைக் குடிநீருக்கென 1876இல் பெரிதாக்கிக் கட்டினார்கள். இன்று அதன் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. நிரம்பி வழிந்தால் நீர் இந்தக் கால்வாய் வழியே மணலி, சடையங்குப்பம் என்று போய் எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆற்றோடு சேரும். மழைக்காலத்தில் சாலையை மூழ்கடிக்கும் கால்வாய், மாசியில் ஆகாயத்தாமரைக்கு நடுவே ஒரு கோடாகக் கிடக்கிறது. இங்கே நின்று பார்த்தால் வட சென்னையின் நீர் எப்படி ஓடுகிறது என்பது புரிந்துவிடும். காரில் போகிறவருக்கு இந்த நிலம் சமதரை. மிதிக்கிறவருக்குத்தான் கிழக்கே திரும்பும்போதெல்லாம் பெடல் லேசாவதும், மேற்கே திரும்பினால் இறுகுவதும் தெரியும்.

விளாங்காடுபாக்கம் தாண்டியதும் யார்டுகள் இடைவெளி விடத் தொடங்குகின்றன. முதலில் ஒரு காலி மனை, பிறகு ஒரு தென்னந்தோப்பு, பிறகு சட்டென்று இரண்டு பக்கமும் வயல். சம்பா அறுத்த தாள் ஒரு பக்கம் மஞ்சளாக நிற்க, அடுத்த வரப்புக்கு அந்தப் பக்கம் நவரை நட்டு வேர்பிடித்துப் பச்சை கட்டியிருந்தது. உழுகிற டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் நடந்தன. மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பனிக்காலத்துக்கு வந்தவை, வெயில் ஏறுமுன் இமயத்துக்கும் அதற்கப்பாலும் திரும்பப்போகிறவை. மாதவரத்திலிருந்து இங்கே வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பதை நம்புவது கடினம். எத்தனையோ பேர் குழந்தைகளுக்கு நாற்று நடுவதைக் காட்ட எங்கெங்கோ அழைத்துப் போகிறார்கள்!

அருமந்தையில் டீ. கடைக்கார அம்மா பால் காய்ச்சிக்கொண்டே கேட்டார், "எங்கேர்ந்து வர்றீங்க?"

"மாதவரம்மா."

"ஏன், பஸ் வரலியா?"

"பஸ்ஸெல்லாம் வருதும்மா. நாங்க சும்மா வந்தோம்" என்றார் அண்ணன்.

"சும்மாவா!" என்று ஒரு தடவை எங்களைப் பார்த்தார். "சரி குந்துங்க, இஞ்சி போட்டுத் தர்றேன்."

அப்போது சாலையில் பள்ளிக்கூடப் பெண்கள் ஐந்தாறு பேர் அரசு கொடுத்த சைக்கிள்களில் போனார்கள். சனிக்கிழமைதான், ஆனால் பொதுத்தேர்வு நெருங்குகிறது, சிறப்பு வகுப்பு. கேரியரில் புத்தகப் பை, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுக் கூடை. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. தலைக்கவசமும் மினுக்கும் விளக்குமாக வரும் எங்களைவிட இந்தச் சாலை அந்தப் பெண்களுக்குத்தான் சொந்தம். அவர்கள் தினமும் வருகிறவர்கள்.

அங்கிருந்து வடக்கே போனால் ஞாயிறு. ஊரின் பெயரே அதுதான். இங்குள்ள சிவன் கோயிலில் சுவாமி புஷ்பரதேஸ்வரர், அம்பாள் சொர்ணாம்பிகை. சூரியனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. கண்ணில் கோளாறு உள்ளவர்கள் வேண்டிக்கொண்டு வருகிறார்கள். பார்வை இழந்த சோழ மன்னன் ஒருவன் இங்கே மீண்டும் கண் பெற்றான் என்பது தலபுராணம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேரும். மற்ற நாளில் வந்தால் குளத்தங்கரையில் நிதானமாக உட்காரலாம்.

நான் இந்த ஊரைத் தேடி வந்ததற்குக் காரணம் சங்கிலியார். சுந்தரரின் மனைவி சங்கிலி நாச்சியார் பிறந்தது இந்த ஞாயிற்றில்தான் என்கிறது பெரியபுராணம். தந்தை ஞாயிறு கிழார். மகள் திருமணம் வேண்டாமென்று திருவொற்றியூர் போய், கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்கு மாலை தொடுத்துக்கொண்டிருந்தாள். சுந்தரர் பார்த்தார், மணக்கக் கேட்டார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தால்தான் ஆயிற்று என்றார்கள். சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்துக்கு மட்டும் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சுந்தரர் சிவனிடம் இரகசியமாகக் கேட்டுக்கொள்ள, சிவனோ அந்தச் செய்தியைச் சங்கிலியாருக்கே சொல்லிவிட்டார். சத்தியம் மகிழடியிலேயே நடந்தது. பிறகு பனி கழிந்து வசந்தம் பிறந்தது. தென்றல் வீசியதும் சுந்தரருக்குத் திருவாரூர் விழா நினைவு வந்துவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயின.

பின்பனியில் காற்றுத் திரும்பும் இந்த நாட்களில் கால் ஓரிடத்தில் நில்லாது என்பது சைக்கிள்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் குளத்தங்கரையில் உட்கார்ந்து யோசிக்கையில் என் மனம் சங்கிலியார் பக்கமே நின்றது. போகிறவருக்கு வழியெல்லாம் பதிகம் இருந்தது. அவளுக்கு ஒரு சத்தியம்தான் இருந்தது.

பார்வையின்றிப் போன சுந்தரருக்குத் திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது என்பார்கள். அந்தத் திருவெண்பாக்கம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 1944இல் பூண்டி அணை முடிந்தது, பழைய ஊர் நீருக்குள் போனது, ஊன்றீஸ்வரர் கோயிலைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். பூண்டியில் தேக்கும் ஆறு கொசஸ்தலை. அதே ஆறுதான் ஞாயிறு பக்கமாக வந்து, திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூரில் கடலைத் தொடுகிறது. சங்கிலியார் பிறந்த ஊரும் சுந்தரர் கோல் பெற்ற ஊரும் ஒரே நீரின் கரையில். புத்தகத்தில் படித்தபோது எனக்கு இது தோன்றவேயில்லை. ஆற்றங்கரையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, மேற்கே எந்த ஊர், கிழக்கே எந்த ஊர் என்று அண்ணனுக்கு விரல் நீட்டிச் சொல்லும்போதுதான் பிடிபட்டது. மாசியில் ஆறு மணலும் நாணலும் அங்கங்கே தேங்கிய நீருமாக இருக்கிறது. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து நீர் திறந்தபோது இதே ஆறுதான் கீழே மணலி புதுநகரின் தெருக்களுக்குள் புகுந்தது.

திரும்புகையில் விச்சூர் வழி. இங்கே நிலம் மறுபடி தொழிற்சாலைக்கு மாறுகிறது, ஆனால் ஒரேயடியாக அல்ல. நவரைப் பச்சைக்கு மேலே தொடுவானத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீக்குழாய் எரிகிறது. அதன் கீழே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது. 1969இல் அந்த ஆலை ஓடத் தொடங்கியபோது இங்கே எல்லாமே வயலும் உப்பளமும் என்றார் அண்ணன். அவருடைய அப்பா சொன்னது. டி.பி.பி. ரோடு எனப்படும் திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் ஏறியதும் மூக்கில் அமிலம் ஏறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் இறங்கி முகத்துவாரம் கறுத்தபோது, வலைகளையும் படகுகளையும் இழந்தவர்கள் இதற்குக் கிழக்கே உள்ள குப்பங்களில்தான் இருக்கிறார்கள். அழகைத் தேடி வருகிறவர்கள் இந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போகலாம். போகக் கூடாது என்பது என் எண்ணம். ஞாயிற்றின் வயலும் இந்தப் புகையும் ஒரே ஆற்றின் மேலும் கீழும். இரண்டையும் ஒரே காலையில் பார்த்தவருக்குத்தான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது தெரியும்.

பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டது. கிழக்கே போகிறோம், நேர் எதிர்க்காற்று. அண்ணன் தலையைத் தாழ்த்தி ஒரே சீராக மிதித்தார், கியர் மாற்றி மாற்றி நான் பின்னால். திருவொற்றியூர்த் தேரடியில் வண்டியை நிறுத்தியபோது மாசிப் பிரம்மோற்சவத்துக்குக் கொடியேறியிருந்தது. சுந்தரரும் சங்கிலியாரும் மணந்ததை நினைத்து மகிழடி சேவை நடக்கும் விழா இது. மகிழ மரத்தைச் சுற்றி வந்தோம். "இத்தினி வருஷம் இந்த ரோட்ல போயிருக்கேன், அந்தப் பொண்ணு ஊரு அங்க இருக்குன்னு யாருமே சொல்லலியேப்பா" என்றார் அண்ணன். பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

எம்.ஆர்.எச். ரோட்டிலும் டி.பி.பி. ரோட்டிலும் இடது ஓரத்தில் ஒரு மீட்டர் அகலம், கல் வைத்துப் பிரித்து விட்டால் போதும். பொழுதுபோக்குக்கு வருகிற எங்களுக்காகக் கேட்கவில்லை. விடியலில் ஷிஃப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அருமந்தைப் பள்ளிக்கூடப் பெண்களும் ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ட்ரெய்லர் ஓட்டுநர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்காக வேகம் குறைத்து, கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னவர்கள் பலர். சாலையில் இடம் இல்லை, அதுதான் விஷயம்.

வர நினைக்கிறவர்கள் பங்குனிக்கு முன் வந்துவிடுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் வடபெரும்பாக்கம் வரை லாரி குறைவு. பின்விளக்கு கட்டாயம். டியூப் இரண்டு, கையில் பழைய துணி ஒன்று. ஞாயிற்றில் காலை உணவுக்குக் கடையை நம்ப வேண்டாம், அருமந்தையிலேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த அம்மா எட்டு மணி வரை இட்லி வைத்திருப்பார்.