சர்வர் டவுன் இல்லை, மடைதான் அடைச்சிருக்கு

எங்க ஊர்ல இப்ப எது நடக்கலைன்னாலும் ஒரே காரணம்தான்: "சர்வர் டவுனாம்." அதுக்கு மேல யாரும் கேள்வி கேக்குறதில்லை. மழை வரலைங்கிற மாதிரி, அது மனுஷன் கையில இல்லாத சமாச்சாரம் ஆகிப்போச்சு.

எனக்கு இது ஆச்சரியமா இருக்கும். அறந்தாங்கிப் பக்கம் நாங்க கல்லணைக் கால்வாயோட கடைமடைக்காரங்க. வயலுக்குத் தண்ணி ஏறலைன்னா "மேட்டூர்ல தண்ணி இல்லை போல"ன்னு சொல்லிட்டு யாரும் வீட்டுல படுக்கமாட்டோம். மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வாய்க்கால் ஓரமா மேல நடப்போம். எந்த எடம் வரைக்கும் தண்ணி நிக்குது, எங்க காஞ்சு கெடக்குதுன்னு பார்ப்போம். பாதி நாள் நம்ம மடையிலயே கோரையும் பிளாஸ்டிக் பையும் அடைச்சிருக்கும்.

போன சம்பாவுல பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு நடந்தது அப்படித்தான். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கட்ட எங்க பக்கம் பெரும்பாலும் நவம்பர் 15தான் கடைசி நாள். விவசாயி கட்டுறது காப்பீட்டுத் தொகையில நூத்துக்கு ஒன்றரை ரூபாய்தான். ஆனா அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் சேர்ந்தாகணும். 2018ல கஜா புயல் அடிச்சது நவம்பர் 16 விடியக்காலை. அந்த ஒரு ராத்திரியில தென்னை தென்னையா சாய்ஞ்சதைப் பார்த்தவங்க யாரும் நவம்பர் மாசத்தை லேசா எடுத்துக்க மாட்டாங்க.

பெரியப்பா 13ந் தேதி சாயங்காலம் கூப்பிட்டார். "தம்பி, சிட்டா எடுக்கலாம்னு பேத்தி லேப்டாப்பைத் திறந்தா எதுவுமே வரலைப்பா. சர்வர் டவுன் போல. நாளைக்குப் பாத்துக்கலாமா?"

"எதுவுமேன்னா? சிட்டா பக்கம் மட்டுமா, எல்லாமுமா?"

"எல்லாந்தான். பேப்பர் படிக்கிறதும் வரலை."

எல்லாச் சர்வரும் ஒரே சாயங்காலம் படுத்திருக்காது. அதனால வாய்க்காலை நடந்து பார்க்கவேண்டியதுதான்.

லேப்டாப்புக்கு இணைப்பு அவரோட போன் ஹாட்ஸ்பாட்லேர்ந்து. போன்ல வாட்ஸ்அப் ஓடுது. அப்ப தலைப்பு மதகுல தண்ணி இருக்கு. அடுத்து லேப்டாப்ல அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து 'பிங்' போட்டு 8.8.8.8ன்னு அடிச்சேன். பதில் வருது. சரி, லேப்டாப் வரைக்கும் தண்ணி வருது. அப்புறம் 'என்எஸ்லுக்கப்'னு ஒரு கட்டளை. அதுல தளத்தோட பேரைக் குடுத்தேன், அதுவும் எண்ணைச் சொல்லுது. கடைசியா குரோமை விட்டுட்டு விண்டோஸ் கூடவே வர்ற எட்ஜைத் திறந்தேன். அதுல பக்கம் வந்து நிக்குது. பெரியப்பா என்னை மந்திரவாதியைப் பாக்குற மாதிரி பார்த்தார். மந்திரம் ஒண்ணுமில்லை, குரோம்ங்கிற ஒரே ஒரு மடை அடைச்சிருக்கு.

டிஎன்எஸ்னா என்னன்னு அவருக்கு டீக்கடையை வச்சுத்தான் சொன்னேன். இணையத்துல ஒவ்வொரு தளமும் இருக்கிற எடம் ஒரு எண். நமக்கு எண் ஞாபகம் இருக்காது, பேர்தான் தெரியும். ஊருக்குப் புதுசா வர்றவன் டீக்கடையில "இன்னார் வீடு எது?"ன்னு கேக்குற மாதிரி, பிரவுசர் முதல்ல ஒரு டிஎன்எஸ் சர்வர்கிட்ட பேரைச் சொல்லி எண்ணை வாங்கிட்டுத்தான் போகும். ஒரு காலத்துல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துல ஒரே ஒரு பட்டியல் வச்சிருந்தாங்க, எல்லாக் கணினியும் அதைத்தான் நகல் எடுத்துக்கும். அது தாங்காமப் போனப்பதான் 1983ல பால் மொகபெட்ரிஸ் இந்த முறையை வகுத்தார்.

வழக்கமா நாம கேக்குறது இணைப்புக் குடுக்குற கம்பெனியோட டீக்கடையில. ஆனா அங்க சத்தமாத்தான் கேக்கணும், நீங்க யார் வீட்டுக்குப் போறீங்கன்னு வழியில உள்ளவன் எல்லாம் கேப்பான். காதோட காதா கேக்குற ஏற்பாடும் உண்டு. 2020லேர்ந்து குரோம்ல அதுக்குப் பேர் 'செக்யூர் டிஎன்எஸ்'. எந்தக் கடையில கேக்கணும்னு நாமளே எழுதி வைக்கலாம்.

யார் எழுதி வச்சதுன்னு விசாரிச்சா, தீபாவளிக்கு வந்த மகன். சென்னையில வேலை. பிள்ளைங்க பாக்குறப்ப கண்ட விளம்பரமும் வருதேன்னு, விளம்பரத்தை வடிகட்டுற இலவசச் சேவை ஒண்ணோட முகவரியைப் போட்டுட்டுப் போயிருக்கார். நல்ல எண்ணம்தான். பத்து நாள் ஓடியிருக்கு. அப்புறம் அந்தச் சேவை பதில் சொல்றதை நிறுத்திருச்சு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. செக்யூர் டிஎன்எஸை தானா இயங்குற நிலையில விட்டிருந்தா, அந்தக் கடை மூடியிருந்தா குரோம் பழைய கடைக்குப் போயிரும். நாமளே முகவரி எழுதிக் குடுத்திருந்தா போகாது. "காதோட காதாத்தான் கேக்கணும்னு சொன்னீங்க, சத்தமாக் கேக்கமாட்டேன்"னு நின்னுரும். என்னைக் கேட்டா அது சரிதான், கள்ளத்தனமா பழைய வழியில போனாத்தான் தப்பு. பயர்பாக்ஸ்லயும் 'மேக்ஸ் புரொடக்‌ஷன்' வச்சிருந்தா இதே பிடிவாதம்தான். பிழைச் செய்தியோட கடைசி வரியில 'பேட் செக்யூர் கான்ஃபிக்'னு குரோம் காரணத்தைச் சொல்லியும் இருந்துச்சு. பொடி எழுத்துல, இங்கிலீஷ்ல சொன்னா எழுபது வயசு மனுஷன் என்ன பண்ணுவார்?

செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள செக்யூரிட்டி, கீழே 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்'. அதுல எழுதியிருந்த முகவரியை எடுத்துட்டு, கணினியோட வழக்கமான சேவைக்கு மாத்தினேன். குரோமை மூடித் திறந்தேன். சிட்டா வந்துச்சு. மறுநாள் காலையில அடங்கலையும் வாங்கிக்கிட்டு இ-சேவை மையத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டிட்டு வந்துட்டார்.

இதை எழுதக் காரணம், பட்டணத்துல இருக்கிற உங்கள்ல பலபேர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து அப்பா, அம்மா போனை 'சரி பண்ணி' வைக்கிறவங்க. ஆண்ட்ராய்டு போன்ல 'பிரைவேட் டிஎன்எஸ்'னு ஒண்ணு இருக்கு. அதுல 8.8.8.8ன்னு எண்ணைப் போட்டா எடுக்காது, பேராத்தான் போடணும். பேர் போட்ட சேவை ஒருநாள் நின்னா, சிக்னல் கம்பி நாலும் காட்டும், ஆனா ஒரு பக்கமும் வராது. உங்க அப்பா சர்வர் டவுன்னு நினைச்சுக்கிட்டு மூணு நாள் சும்மா இருப்பார், உங்களைத் தொந்தரவு பண்ணவேண்டாம்னு போனும் பண்ணமாட்டார். மாத்துங்க, வேண்டாங்கலை. மாத்தினதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி போன் கவருக்குள்ள வச்சுட்டுப் போங்க: எங்க போய் மாத்தினேன், முன்னாடி என்ன இருந்துச்சு.

பெரியப்பா மகனும் அப்படி ஒரு சீட்டு எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பினார். அதை நான் பிரிண்ட் எடுத்து லேப்டாப் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன். பேத்திதான் அது மேல பூ ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கு, பாதி எழுத்து தெரியுது.