அங்கொடை என்னும் சொல்

சென்ற தவணையில் ஒருநாள், வகுப்பில் யாருடனும் பேசாது சுவரையே நோக்கியிருக்கும் மாணவன் ஒருவனைப் பற்றி ஆசிரியர் ஓய்வறையில் பேச்செழுந்தது. "அவனை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்றார் நண்பர் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தவனே.

அங்கொடை கொழும்பிற்கு அருகேயுள்ள ஓர் ஊர். 1926இல் அங்கு எழுந்த மனநோய் ஆஸ்பத்திரி விரைவிலேயே இடங்கொள்ளாது நிரம்பி வழிந்தது. நோயாளரைக் காவலுக்குரியவராகக் கண்ட 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் அதன்மீது நெடுங்காலம் படிந்திருந்தது. 1930களின் இறுதியில் லண்டனிலிருந்து வந்த எட்வர்ட் மாப்போதர் என்னும் உளமருத்துவர் அந்நெரிசலைக் கடுமையாகக் கண்டித்தார். 2008இல் அது தேசிய மனநல நிறுவகமாயிற்று. பெயர் மாறியது, வசை மாறவில்லை.

சிரித்துவிட்டு வீடு திரும்பிய எனக்கு மாமியின் நினைவு வந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்தபோது எனக்கு ஏழு வயது. அவ்வழியில் ஏதோ ஓரிடத்தில் மாமி பேச்சை நிறுத்தினார். நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள், வைத்தியரிடம் மட்டும் காட்டவில்லை. கேட்டவர்க்கு "நரம்புத் தளர்ச்சி" என்றார்கள். வீட்டிலே மணம்பேச வேண்டிய பெண்கள் மூவர் இருந்தனர். சீதனச் சந்தையிலே ஒரு குடும்பத்தின் விலையைக் குறைக்கும் நோயை யார்தான் வெளியே சொல்வர்?

அக்காலத்து வடக்கிலே உளமருத்துவர் ஓரிருவரே. அவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். இடதுசாரிகளாகிய நம்மிற் பலர் உளவியலை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவந்தோம். சமுதாயத்தின் நோயைத் தனிமனிதன் தலையிற் கட்டும் வித்தை என்றும் ஐயுற்றோம். அவ்வையத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இம்மனிதரின் எழுத்தைப் படித்தபோது அது தளர்ந்தது. போரினாற் சிதைவது ஒருவரின் உள்ளம் மட்டுமன்று. குடும்பம், அயல், ஊர், ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கை யாவுமே சிதைகின்றன என்பது அவர் வாதம். இதனையே கூட்டு வடு என்ற கருத்தாக 2007இல் விரித்தெழுதினார். ஆகவே மருந்தோடு நில்லாது, ஒப்பாரியையும் சடங்கையும் மூச்சுப் பயிற்சியையும்கூட அவர் சிகிச்சையின் துணையாகக் கொண்டார். பகுத்தறிவு பேசும் எனக்கு இது முதலில் உறுத்தியது. ஆயினும் அழுவதற்கு ஓர் இடமும் உடனழ நாலுபேரும் வேண்டுமென்பதை மறுக்க முடியவில்லை. மாமிக்கு அந்த இடம் கிடைக்கவேயில்லை.

1995இல் அவரும் இன்னொருவரும் வெளியிட்ட ஆய்வொன்று, போர்க்காலத்து வடக்கிலே தற்கொலை குறைந்திருந்ததைக் காட்டிற்று. மனித மனம் தனித்தியங்குவதன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? 'முறிந்த பனை'யை எழுதிய நால்வருள் இவரும் ஒருவர். இன்னொருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பின்னரும் இவர் அம்மண்ணிலே நோயாளரைப் பார்த்தார். உளமருத்துவர் போதாத நிலையில் ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பயிற்சியளித்தார். ஆசிரியர்களுக்கு என்பதை வாசிக்கையிலே ஓய்வறைச் சிரிப்பு என் காதில் ஒலித்தது.

மறுவாரம் அம்மாணவனின் தாயை வெள்ளவத்தையிலுள்ள அவர் வீட்டிற் சந்தித்தேன். தேநீர் தந்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.

"சேர், அங்கொடைக்கு மட்டும் எழுதிப் போடாதேங்கோ. இவனுக்குப் பின்னால ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு."

"இல்லையம்மா, பெரியாஸ்பத்திரியிலும் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. நானும் வருகிறேன்" என்றேன். அச்சொல்லுக்கு அஞ்சியே நானும் அவ்விடத்தைத் தவிர்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காலி வீதியில் மூவரும் பஸ் ஏறினோம். பம்பலப்பிட்டியில் அவர்களுக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் ஏறி, எங்கே பயணம் என்று கேட்டார்.

"தம்பிக்குக் கண் காட்ட" என்றார் தாய்.

பையன் என்னைப் பார்த்தான். நான் ஆமெனத் தலையசைத்தேன்.