வேடமும் உடையும்

அக்டோபர் 31-ஆம் நாள் மாலைப்பொழுதை மேனாட்டார் ஹாலோவீன் என்று அழைப்பர். ‘ஹாலோ’ என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதரைக் குறித்த சொல். ‘ஈன்’ என்பது மாலையைக் குறிக்கும் சொல்லின் குறுக்கம். ஆக, புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்திய மாலை என்பதே அப்பெயரின் நேர்பொருள். எட்டாம் நூற்றாண்டில் பாப்பரசர் மூன்றாம் கிரகோரியார் உரோமையில் புனிதர் அனைவர் பெயராலும் ஒரு சிற்றாலயத்தை நேர்ந்தளித்தார். 835-இல், நான்காம் கிரகோரியார் காலத்தில், நவம்பர் முதல் நாள் விழா மேலும் பல நாடுகளுக்குப் பரவிற்று. அயர்லாந்து மக்கள் தங்கள் பழைய குளிர்காலத் தொடக்க விழாவின் வழக்கங்களை அதனோடு கலந்தனர். அவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து வைத்த விளக்கு, அமெரிக்கா சென்றதும் பூசணிக்காயாயிற்று. 1997 முதல் டோக்கியோ டிஸ்னிலேண்டு இவ்விழாவைக் கொண்டாடத் தொடங்கியபின் ஜப்பானிலும் அது பெயர் பெற்றது. அந்நாட்டுக்குப் பூசணிக்காயும் வேடமும் கப்பலேறி வந்தன; புனிதர் எவரும் உடன் வந்ததாகத் தெரியவில்லை.

2024-ஆம் ஆண்டில் அந்த நாளை நாம் டோக்கியோவில் கழிக்க நேர்ந்தது. நகரின் கிழக்கே எடோகாவா வட்டத்தில் நிஷி-கசாய் என்றொரு பகுதி உண்டு. கணிப்பொறித் தொழிலுக்காகச் சென்ற இந்தியக் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் திருமணம் மந்திரித்து வைத்த ஒரு குடும்பத்தார் அங்கிருந்து அன்போடு அழைத்திருந்தனர். தாய் கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூட்டுப் பக்கத்தவர். மூத்த மகளுக்கு இருபத்துநான்கு வயது. ஐந்து வயது முதல் அங்கேயே வளர்ந்தவள். ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள்.

சென்ற இரண்டாம் நாளே அவ்வீட்டில் ஏதோ சரியில்லை என்பது புலப்பட்டது. மாலைச் செபமாலையில் தாய் ஒரு மூலையிலும் மகள் மறு மூலையிலும் முழந்தாளிட்டனர். ஞாயிறு பூசைக்கு மகள் அரை மணி முன்னதாகவே தனியே புறப்பட்டாள். தாயே பின்னர் காரணத்தைக் கூறினார். ஊரிலிருந்து நல்லதொரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. ஆனி மாதத்தில் உறுதி செய்வதாக இருந்தார்கள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் இவளுடைய புகைப்படம் ஒன்று பட்டுவிட்டது. கரிய கவுனும், குடைபோல் விரிந்த பாவாடையும், தலையில் பெரிய முடிச்சும், கையில் லேசு வைத்த குடையுமாக நின்றிருந்தாள். “பெண்ணுக்கு ஏதும் கோளாறா?” என்று கேட்டுவிட்டுப் பின்வாங்கிக்கொண்டனர்.

“சாமி, நான் சொல்லிச் சொல்லித் தோத்துப்போனேன். அந்த உடுப்புக்குப் பேரு லோலிடாவாம். பேரைத் தட்டிப் பார்த்தேன், என்னென்னவோ வருது. கூசுது சாமி. வர்ற வியாழக்கிழமை அந்தக் கூட்டத்தோட ஊர் சுத்தப் போறா. நீங்களும் கூடப் போய்ப் பாருங்க. அப்பத் தெரியும்” என்றார் அத்தாய்.

அப்பெயரைப் பற்றி ஒரு சொல். விளாதிமிர் நபக்கோவ் 1955-இல் வெளியிட்ட புதினத்தின் பெயர் அது. வயது முதிர்ந்த ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இழைக்கும் கொடுமையே அக்கதை. எனவே தாயின் கூச்சம் நியாயமானதே. ஆயினும் சொல்லின் வேர் வேறு. இசுப்பானிய மொழியில் ‘தொலோரஸ்’ என்னும் பெயரின் செல்ல வடிவம் லோலிடா. தொலோரஸ் என்றால் வியாகுலங்கள். அது நம் வியாகுல மாதாவின் பெயர். நம் கடற்கரை ஊர்களில் வியாகுலம் என்றும் வியாகுல மேரி என்றும் எத்தனை பாட்டிமார் இருந்தனர்! இவ்வுடையை அணிவோரும் தங்களுக்கும் அப்புதினத்துக்கும் தொடர்பில்லை என்றே சாதிக்கின்றனர். எனினும் வேறு பெயர் வைத்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

வியாழனன்று காலை அவளோடு புறப்பட்டோம். ஓத்தேமாச்சியில் வண்டி மாறி ஹராஜூக்குப் பகுதியில் இறங்கினோம். 1920-இல் எழுப்பப்பட்ட மெய்ஜி கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பாலம் இருக்கிறது. அதுவே அவர்கள் சந்திக்கும் இடம். நம் வழக்கப்படி வெள்ளை அங்கியுடனே சென்றிருந்தோம்.

இவ்வுடையின் கதை அந்த வட்டாரத்தோடு பிணைந்தது. 1970-இல் அங்கே ‘மில்க்’ என்றொரு கடை திறக்கப்பட்டது. 1988-இல் ‘பேபி, தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்’ என்னும் நீண்ட பெயர்கொண்ட தையல் நிறுவனம் தோன்றிற்று. 1977 முதல் 1998 வரை ஞாயிறுதோறும் அங்குள்ள பெருஞ்சாலையில் வண்டிகளைத் தடுத்து, நடப்போருக்கே விட்டிருந்தனர். அந்தத் தெருவில்தான் இளையோர் தத்தம் புதுமைகளைக் காட்டித் திரிந்தனர். 2001 முதல் 2017 வரை இதற்கென்றே ஓர் இதழ் வெளிவந்தது. அதன் பெயர் ‘கோதிக் அண்டு லோலிடா பைபிள்’. திருநூலின் பெயரைத் துணிக்கடைக்கு இழுப்பது நமக்கு உவப்பன்று. ஆனால் அவ்விதழில் தையல் வரைபடங்களும் இருந்தன. ஏழைப் பெண்கள் அதைப் பார்த்துத் தாமே தைத்துக்கொண்டனர் என்று கேட்டபோது சற்றே மனம் இளகிற்று.

பாலத்தருகே ஏழு பெண்கள் கூடினர். நம் வாசகர்களுக்கு அவ்வுடையை விளக்குவது எளிது. நம் சிறுமியர் புதுநன்மை வாங்கும் நாளில் அணியும் வெண்கவுனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கேன்கேன் வைத்து மணிபோல் விரிந்த பாவாடை, முழங்காலை மறைக்கும் நீளம், கழுத்துவரை பொத்தான் இட்ட சட்டை, நீண்ட காலுறை, தலையில் முடிச்சோ தொப்பியோ. அதையே வளர்ந்த பெண்ணின் அளவுக்குத் தைத்து, நிறத்தை மாற்றினால் அதுதான். ஒருத்தி கருப்பிலும், ஒருத்தி காப்பி நிறத்திலும், மற்றொருத்தி பூசணி நிற நாடா வைத்தும் வந்திருந்தனர். கையும் காலும் முதுகும் காட்டி ஆடவர் கண்ணை இழுக்கும் உடைகளை நாம் கண்டிராதவரல்லோம். இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. குரூரமான விலை மட்டுமே நமக்கு நெருடலாயிற்று: ஒரு கவுன் 30,000 யென்னுக்கு மேல் என்றனர், நம் கணக்கில் ஏறத்தாழ 16,000 ரூபாய். அதனால் இரண்டு மூன்று ஆண்டு சேமித்து வாங்குவோரும் உண்டாம்.

எழுவரில் ஒருவர் இரவுப் பணி முடித்து உறங்காமலே வந்த செவிலி. ஒருவர் நாற்பதைக் கடந்த, இரு பிள்ளைகளின் தாய். ஒருத்தி ரொட்டிக் கடையில் விடியற்காலை மூன்று மணிக்கு மாவு பிசைபவள். செவிலி என்றதும் அவர்கள் பெருமையோடு மிசாகோ ஆவோகி என்னும் அம்மையாரைக் குறிப்பிட்டனர். செவிலிப் பணி செய்துகொண்டே இவ்வுடையின் முகமாக விளங்கியவர் அவர். 2009-இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சு அவரைத் தன் பண்பாட்டுத் தூதராக அனுப்பியது.

ஒரு மாடித் தேநீர்க் கடையில் ஆளுக்கொரு கோப்பையும் சிறு கேக்கும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அமர்ந்தனர். என்ன பேசுகிறார்கள் என்று நம் பெண்ணைக் கேட்டோம். லேசைப் பற்றித்தான் பேச்சு! பருத்தி நூல் லேசா, நைலான் லேசா, துவைத்தால் சுருங்குமா, எந்தக் கடையில் முழம் என்ன விலை? ஒருத்தியின் பாவாடை ஓரத்தை மற்றவள் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். கோயில் பீடத் துணிக்கு ஓரம் தைக்கும் நம் மாதா சபைப் பெண்களின் பேச்சும் இதுவேயன்றோ என்று நினைத்துக்கொண்டோம். நகைப்பு இருந்தது, புறங்கூறல் நம் காதில் விழவில்லை. ஜப்பானிய மொழி நமக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பின்னர் தக்கேஷிதா தெருவில் நடந்தோம். குறுகிய தெரு, கூட்டமோ தேரோட்டம் போல. பேய், எலும்புக்கூடு, பூனை, சூனியக்காரி, இன்னும் நாம் பெயரறியாத பல வடிவங்கள். அங்கேதான் அன்றைய வேடிக்கை நிகழ்ந்தது. மேனாட்டு இளைஞன் ஒருவன் நம்மை நிறுத்தி, நம் அங்கியைக் காட்டி, “மிக அருமையான வேடம்! எங்கே வாங்கினீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். உண்மையாகவே குரு என்றோம். அவன் அதையும் நடிப்பின் பகுதியாகவே கொண்டு கைதட்டினான். பிறகு அப்பெண்களை நோக்கி, “நீங்கள் யாருடைய வேடம்?” என்றான். செவிலியின் முகம் சுருங்கிற்று. ஆண்டு முழுவதும் இவ்வுடையில் வெளியே செல்லும் அவர்களுக்கு மிகவும் வெறுப்பான கேள்வி அதுவாம். ஹாலோவீன் நாளில் நிமிடத்துக்கொரு முறை கேட்க வேண்டியிருக்கிறது.

நம் பெண் சிரித்தபடி நம் பக்கம் திரும்பினாள். “சாமி, இன்னைக்கு இந்தத் தெருவுல வேசம் போடாம வந்தது நீங்களும் நாங்களுந்தான்.”

நாமும் சிரித்தோம். ஆயினும் அதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அவளிடமே கூறினோம். நம் அங்கி திருச்சபை தந்தது. நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது நம் பணியின் அடையாளம். அவளுடையதோ அவள் விருப்பம். நாளை வேண்டாமென்று கழற்றி வைக்கலாம். இரண்டும் ஒன்றாகா. அவள் சிறிது நேரம் பேசாமல் நடந்தாள். பின்பு தானாகவே சம்பந்தப் பேச்சை எடுத்தாள்.

“கல்யாணம் வேண்டாம்னு நான் சொல்லல, சாமி. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? படத்தையெல்லாம் அழிச்சிரு, உடுப்பைப் பெட்டியில போட்டுப் பூட்டு, தாலி ஏறினப்புறம் பார்த்துக்கலாம்னாங்க. என்னால முடியல. அப்படி ஒளிச்சு வச்சுக் கட்டினா அதுதானே வேசம்?”

இதற்கு மறுமொழி சொல்ல நமக்கு நேரமெடுத்தது. திருமணத்துக்கு முன் பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒளித்த சிறுசிறு செய்திகள் பின்னாளில் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டி வருவதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கண்டிருக்கிறோம். குடிப்பழக்கத்தை ஒளித்தவர், கடனை ஒளித்தவர், நோயை ஒளித்தவர். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், சம்மதம் பெறும் நோக்கோடு செய்யும் பெரும் வஞ்சனை திருமணத்தையே செல்லாததாக்கும் என்று கூறுகிறது. ஒரு பாவாடை அக்கணக்கில் வராது என்பது உண்மை. ஆனாலும் ஒளிக்க மாட்டேன் என்று ஒரு பெண் சொல்லும்போது, ஒளி என்று சொல்ல நம் நா எழவில்லை. “அம்மாவுக்கு இந்த உடுப்பை ஒருநாளாவது அருகில் வைத்துக் காட்டினாயா?” என்று மட்டும் கேட்டோம். “தொடக்கூட மாட்டாங்க, சாமி” என்றாள்.

மாலை நான்கு மணிக்கே திரும்ப முடிவு செய்தனர். அடுத்த நிலையமான ஷிபுயாவில் இந்நாளில் இருட்டியபின் நடப்பது ஊரறிந்தது. 2018-இல் குடித்த கூட்டம் அங்கே ஒரு சிறு லாரியையே கவிழ்த்தது. மறு ஆண்டு தெருவில் குடிப்பதற்குத் தடைச் சட்டம் வந்தது. 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவான் சந்தில், ஹாலோவீன் நெரிசலால் 159 உயிர்கள் போயின. அதன்பின் ஷிபுயா மேயரே, கொண்டாட இங்கே வரவேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அந்தச் சியோல் பிள்ளைகளுக்காக, புறப்படுமுன் மனத்துக்குள் ஒரு செபம் சொன்னோம்.

தெருவின் முனையில் சாவு வேடம் பூண்ட இளைஞன் ஒருவனின் பிளாஸ்டிக் அரிவாள் நம் பெண்ணின் பாவாடை லேசில் சிக்கி, ஒரு முழ நீளம் பிய்ந்து தொங்கிற்று. அவன் முகமூடியைக் கழற்றிப் பத்துத் தரம் தலைவணங்கி மன்னிப்புக் கேட்டான். பாவம், பதினாறு வயதுகூட இராது. இவள் அழவில்லை; வண்டியில் வரும் வழியெல்லாம் அந்த ஓரத்தை மடியில் மடித்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் தாய் கதவைத் திறந்தார். மகளை முகத்தில் பார்க்கவில்லை. தொங்கும் லேசைப் பார்த்தார். நாம் காலணி கழற்றிக்கொண்டிருந்தோம். “இது மெஷின் லேசுதான். ஓரம் நல்லா முடியல, அதான் பிரிஞ்சுட்டு” என்றார். நான்கு மாதமாக அவ்வுடுப்பைப் பற்றி அவர் சொல்லிய முதல் கோபமற்ற வார்த்தை அது.

இவ்விடத்தில் முளகுமூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1897-இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த அன்னை மரிய லூயிஸ் தெமேஸ்தர் அவ்வூரில் கன்னியர் இல்லம் தொடங்கி, ஆதரவற்ற சிறுமியரைப் பேணி, அவர்கள் பிழைக்க லேசு பின்னும் தொழிலையும் கற்பித்தார். மெத்தைமேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் கலை அது. நம் வீட்டுத் தாயும் சிறுவயதில் அதைக் கற்றவர். மகளுக்கு அது தெரியாது. கேட்க ஒரு சமயம் வாய்க்கவில்லை போலும்.

அன்றிரவு உணவுக்குப்பின் அலமாரியின் அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டி வெளிவந்தது. திருமணத்துக்கு முன் பின்னிய சிறு துண்டு ஒன்று, பழுப்பேறி, காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. மகள் அதை விளக்கின் எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். “அம்மா, இது கையால செஞ்சதா? இது மாதிரி ஒரு கெஜம் வாங்க அந்தப் பிள்ளைகள் எவ்வளவு குடுப்பாங்க தெரியுமா?” என்றாள். “விக்கிறதுக்கா பின்னினேன்?” என்று தாய் சீறினார். சீறியபடியே ஊசியில் நூல் கோத்தார்.

சம்பந்தம் மீண்டும் கூடவில்லை. “கோயிலுக்கு மட்டும் அந்த உடுப்போட வரக்கூடாது, சொல்லிட்டேன்” என்று தாய் விதித்த விதியும் மாறவில்லை. அதில் நாம் தலையிடவுமில்லை. ஆனால் மறு ஞாயிறு இருவரும் ஒரே வண்டியில் பூசைக்கு வந்தனர்.

நாம் விடைபெறும்போது தாய் ஒரு வேண்டுகோள் வைத்தார். ஊருக்குத் திரும்பியதும், இன்றும் அக்கலையைக் கைவிடாத ஒரு முதிய அக்காளைத் தேடிப் பிடித்து, மூன்று முழம் லேசு பின்னச் செய்து, அஞ்சலில் அனுப்பி வைத்தோம். இரு வாரம் கழித்து மறுமொழி வந்தது. பாவாடையின் சுற்றளவு நான்கு மீட்டருக்கு மேலாம். மூன்று முழத்தை வைத்து என்ன செய்வது, சாமிக்குத் தையல் கணக்கு தெரியாதா என்று கேட்டிருந்தார் அத்தாய்.