'ஓது' யாருடைய சொல்?



நேற்று எட்டாம் தரத்தில் ஒரு பிள்ளை, "சேர், பின்னேரம் ஓதப் போகணும்" என்றான். பின்வாங்கில் ஒருவன் சிரித்தான். "ஓதுறது அரபு, தமிழ்ல வாசிக்கிறதுன்னு சொல்லு." கேட்டவன் முகம் சுருங்கிப் போனது. எங்களுக்கும் சுருக்கென்றது; சின்ன வயதில் நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்!

புத்தகத்தை மூடினோம். அரபு வினை 'கரஅ'. குர்ஆன் என்ற பெயரே அதிலிருந்துதான். 'இக்ரஃ' என்பதைத் தமிழில் 'ஓதுவீராக' என்றார்கள் நம் முன்னோர். கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். மலையாளத்தில் ஓதுக, கேரள முஸ்லிம்களின் குர்ஆன் பள்ளி ஓத்துப்பள்ளி. கன்னடத்தில் பேப்பர் வாசிப்பதும் 'ஓது'தான். துளுவில் ஓதுனி. இந்த மொழிகள் பிரியும் முன்பே அந்த வினை இருந்திருக்க வேண்டும். தலைவன் வீட்டைப் பிரியும் காரணங்களில் ஓதலையும் சேர்க்கிறது தொல்காப்பியம். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இப்படித்தான் சொற்களை உறவு சேர்க்கிறது.

துருக்கிக் களிமண் பலகைகளின் ஹிட்டைட் மொழியையும் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி 1915இல் இப்படித்தான் இனங்கண்டார். அதில் 'உண்' என்ற வினை இலத்தீன், ஜெர்மன் வினைகளுக்குச் சொந்தமாக இருந்தது.

மணி அடித்தது. சிரித்தவன் மெதுவாக மேசையருகே வந்தான். "காய்ச்சல் வந்தப்ப எங்கம்மா பள்ளிவாசல்ல தண்ணி ஓதி வாங்கிக் குடுத்தாங்க சேர்."

உங்கள் வீடுகளில் வேறு எதற்கெல்லாம் 'ஓது' என்பீர்கள்? கீழே எழுதுங்கள், வகுப்பில் சொல்ல வேண்டும்.