ஒரே நீர் பாயும் தோட்டம்



காட்டாங்குளத்தூரில் ஞாயிறுதோறும் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நாங்கள் எட்டுக் குடும்பத்தினர் ஒரு வீட்டில் கூடித் திருக்குர்ஆன் விளக்கவுரை படித்து வருகிறோம். சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிறன்று, பாடம் முடியும் நேரத்தில், அலுவலகப் பணிக்காக ஸ்பெயின் சென்றிருந்த எங்கள் வட்டத்து இளைஞரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் தங்கியிருந்தது ரியோகா மாநிலத்தில். மதுவுக்காகவே திராட்சை பயிரிடும் நிலம் அது. அங்கே அறுவடைக் காலம் தொடங்கியிருந்தது.

"உடன் வேலை செய்வோர் அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, பேருந்தில் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். காலையில் தோட்டம், நண்பகலில் ஆலை, பிற்பகலில் மேசையில் அமர்ந்து மதுவைச் சுவைத்துப் பார்த்தல். நான் குடிக்கப்போவதில்லை. ஆயினும் அவர்களோடு போகலாமா?" என்று கேட்டிருந்தார்.

எங்களுக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பேருந்தில் ஏறுவதே தவறு என்றனர் சிலர். தோட்டம் அல்லாஹ்வின் படைப்பு, அதைப் பார்ப்பதில் என்ன குற்றம் என்றனர் வேறு சிலர். பேச்சு நீண்டபோது, எங்கள் வட்டத்தில் மூத்தவரான ஒரு பெருமாட்டி, "நம்மில் எத்தனை பேர் திராட்சைக் கொடியைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தள்ளுவண்டியில் குவித்து வைத்த திராட்சையைத்தான் நாங்கள் அறிவோம். திருக்குர்ஆன் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் ஒரு கனியைப் பற்றி அறியாமலேயே தீர்ப்பு எழுத அமர்ந்திருந்தோம்.

அவ்வாறுதான், காலாண்டுத் தேர்வு விடுமுறையில், இரண்டு வேன்களில் கம்பம் புறப்பட்டோம். இரவுத் தொழுகையை முடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியவர்கள், திருச்சியையும் திண்டுக்கல்லையும் கடந்து, விடிந்தபின் தேனியை அடைந்தோம். உத்தமபாளையத்தில், 1956 முதல் நடந்துவரும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியின் பெயரைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. அந்நியமான ஊருக்கு வந்தோம் என்ற எண்ணம் அத்தோடு நீங்கியது.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. அந்த மலைக்கு அப்பால் தேங்கும் பெரியாற்று நீர், 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த வழியாக இப்பக்கம் வந்து சேர்கிறது. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் அந்நீரில் வளர்கின்றன. இங்கு விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. வெளிநாடுகளில் அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. ஸ்பெயினில் ஆண்டுக்கு ஒருமுறைதான் அறுவடை. இங்கோ, கொடியைக் கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ 4 மாதங்களில் குலை பழுத்துவிடும். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பழம் வெட்டுவார்கள். ஆகையால் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும்.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில், வந்தவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டும் உள்ளூர் இளைஞர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்றார். கல் தூண்களின்மீது கம்பி கட்டி, அதன்மேல் கொடிகளைப் படரவிட்ட பந்தல். வெளியே வெயில் ஏறிவிட்டது, உள்ளே பச்சை நிழல். தலைக்கு மேல் கருநீலக் குலைகள் தொங்கின. இலைகளில் நீலம் பூத்த கறையைக் காட்டி, இது என்ன நஞ்சா என்று ஒரு சிறுவன் கேட்டான். பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை என்றார் வழிகாட்டி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அக்கலவைக்கு, பிரான்சின் மது நகரமாகிய போர்தோவின் பெயரே நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள தோட்டங்களில்தான் அதன் பயன் கண்டறியப்பட்டது. மதுவுக்காக வளர்த்த கொடியைக் காக்கக் கண்ட மருந்து, இன்று எங்கள் பிள்ளைகள் உண்ணும் பழத்தையும் காக்கிறது.

பந்தலடியில் அமர்ந்து அர்ரஃது அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தை ஓதினோம். அடுத்தடுத்த நிலங்கள், திராட்சைத் தோட்டங்கள், பயிர்கள், பேரீச்சை மரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நீர்தான் பாய்ச்சப்படுகிறது, ஆயினும் சுவையில் ஒன்றை மற்றொன்றைவிட மேன்மையாக்கியிருக்கிறோம் என்ற கருத்தை அல்லாஹ் அங்கே உணர்த்துகிறான். வாய்க்காலுக்கு இப்பக்கம் வாழை, அப்பக்கம் திராட்சை. அன்று அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

"மது ஹராம் என்றால் அல்லாஹ் ஏன் திராட்சையைப் படைத்தான்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வழிகாட்டி ஒரு குலையைப் பறித்து, பழத்தின் தோல்மேல் படிந்திருந்த வெண்ணிற மாவைக் காட்டினார். தோலின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட்டும் ஒட்டியிருக்கிறது. பழம் முழுதாக இருக்கும்வரை அது வெளியிலும் இனிப்பு உள்ளேயும் இருக்கும். பிழிந்து வைத்துவிட்டால் இரண்டும் கலந்து ஓரிரு நாளில் சாறு நொதிக்கத் தொடங்கும். நபி (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சையை நீரில் ஊறவைப்பார்கள் என்றும், மூன்றாம் நாள் மாலைக்குமேல் அதை வைத்துக் குடிப்பதில்லை என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தியை அப்போது நினைவுகூர்ந்தோம். பேரீச்சையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் மனிதர் போதையையும் எடுக்கிறார்கள், நல்லுணவையும் எடுக்கிறார்கள் என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் கூறுகிறது. கனி ஒன்றுதான். அதை எடுக்கும் கைதான் வேறுபடுகிறது என்று அச்சிறுமிக்குச் சொன்னோம்.

தாயிஃபில் கல்லடிபட்டு, காலில் இரத்தம் வழிய, நபி (ஸல்) அவர்கள் ஒதுங்கியதும் ஒரு திராட்சைத் தோட்டத்தில்தான். அது எதிரிகளான உத்பா, ஷைபா என்போருடைய தோட்டம். அவர்களுடைய கிறிஸ்தவ அடிமை அத்தாஸ் ஒரு குலையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி நபியவர்கள் அதை உண்டார்கள். அந்த வரலாற்றை எங்கள் பெருமாட்டி சொல்லி முடித்தபோது, பிள்ளைகள் கையிலிருந்த பழத்தைத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் தோட்டக்காரர் வந்து சேர்ந்தார். எங்களுள் ஒருவர் கூடுவாஞ்சேரியில் பழ மண்டி வைத்திருப்பவர். அவரைப் பார்த்ததும் தோட்டக்காரர், "கடைக்குப் போற பழத்துக்கு மினுமினுப்பு வேணும் பாய். மழையில வெடிச்சது, உதிர்ந்தது எல்லாம் பிழியுறவங்களுக்குப் போதும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்த ஏஜெண்டு வண்டியிலயே மொத்தமா ஏத்தி விட்டுர்றேன்" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்டிக்காரச் சகோதரர் தலைகுனிந்து நின்றார். பிறகு அவரே சொன்னார். வெளியூர் வைன் ஆலை ஒன்றுக்காகப் பழம் சேர்க்கும் தரகர், வெடித்த பழத்தையும் நிலையான விலைக்கு எடுத்துக்கொள்வதாக அவரிடம் பேசியிருந்தார். இரண்டு ஆண்டுகளாக மண்டியில் நட்டம். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். எங்களோடு வந்தது தோட்டம் பார்க்க மட்டுமன்று, அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளவும்தான். "நான் பழம்தானே விற்கிறேன்" என்றார். தோட்டக்காரரும், "பழம் என்ன பாய் பண்ணும்? வாங்கிட்டுப் போறவன் என்ன செய்றானோ, அது அவன் பாடு" என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்.

லுஹர் தொழுகைக்குக் கம்பம் சென்றபோது, பள்ளிவாசலில் இருந்த ஆலிம் ஒருவரிடம் அச்சகோதரர் தாமே கேட்டார். ஆலிம் அவசரப்படாமல் பதில் சொன்னார். மது செய்வார் என்று உறுதியாகத் தெரிந்தவருக்குத் திராட்சை விற்பது ஷாஃபிஈ மத்ஹபில் விலக்கப்பட்டது. ஐயம் மட்டும் இருந்தால் அது வெறுக்கத்தக்கது. பாவம் பொருளில் இல்லை, பின்னர் செய்யப்படும் செயலில்தான் உள்ளது என்ற காரணத்தால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இடம் தந்தார்கள். அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் அதை வெறுத்தார்கள். மதுவைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என்று பத்துப் பேரைச் சபிக்கும் ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "சட்டம் எங்கே இடம் தருகிறது என்பது ஒரு கேள்வி. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகனிடம் தயங்காமல் சொல்ல முடியுமா என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

திரும்பும் வழியில் வேனுக்குள் வெகுநேரம் பேச்சில்லை. மண்டிக்காரரைக் குறைகூற எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. காரணம், எங்களுள் ஒருவர் நட்சத்திர விடுதி ஒன்றின் கணக்குகளைப் பார்ப்பவர். அதில் மதுக்கூடத்தின் வரவும் உண்டு. மற்றொருவர் சரக்கு லாரிகளை அனுப்புபவர், பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று இதுவரை கேட்டதில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஓர் இளைஞர், ஒரு மேசையில் சும்மா அமர்வதற்கே அஞ்சிக் கேள்வி அனுப்பியிருந்தார். அவருக்குத் தீர்ப்புச் சொல்ல முனைந்த நாங்களோ, எங்கள் மேசையில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று குனிந்தும் பார்த்ததில்லை.

ஊர் திரும்பி அவருக்கு எழுதினோம். "தோட்டத்துக்குப் போங்கள். கொடியைப் பாருங்கள், பறிப்பவர்களோடு பேசுங்கள். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்பது நபிமொழி. ஆகவே அந்த மேசைக்கு முன்பாக, உடன் வந்தவர்களிடம் முகம் சுளிக்காமல் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்." அந்த நாட்டின் வரலாற்றையும் சேர்த்து எழுதினோம். ஸ்பெயினின் ஒரு பகுதி முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த 12ஆம் நூற்றாண்டில், செவில்லே நகரத்து இப்னுல் அவ்வாம் எழுதிய வேளாண்மை நூலில் கொடி வளர்ப்பும் இடம்பெற்றுள்ளது. மலாகாவை அடுத்த அஹர்கியா மலைச்சரிவுகளில் இன்றும் திராட்சையை வெயிலில் பரப்பி உலர்திராட்சை ஆக்குகிறார்கள். அம்முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2017இல் உலக வேளாண் மரபாக அறிவித்தது. ஸ்பெயினின் திராட்சை முழுவதும் மதுவாவதில்லை.

அக்டோபரில் அவருடைய பதில் வந்தது. காலை முழுவதும் தோட்டத்தில் நடந்தாராம். மற்றவர்கள் ஆலைக்குள் சென்றபோது வெளியே நின்றாராம். பேருந்து ஓட்டுநரும் வண்டி ஓட்ட வேண்டியிருந்ததால் குடிக்காமல் வெளியிலேயே இருந்தார். இருவரும் ஒரு குலைத் திராட்சையை நடுவில் வைத்துக்கொண்டு, மொழி தெரியாமலேயே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். தனியாக இருப்பேன் என்று அஞ்சியவருக்கு அல்லாஹ் அங்கே ஒரு துணையைத் தந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

மண்டிக்காரச் சகோதரர் தரகருக்கு மறுப்புச் சொல்லிவிட்டார். வெடித்த பழத்தை அன்றன்றே பழச்சாறு கடைகளுக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார். நட்டம் இன்னும் தீரவில்லை. மகனின் கட்டணத்தில் ஒரு பகுதியை எங்கள் வட்டம் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. அதை உதவி என்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் பொருட்டுத்தான் மற்றவர்களும் தத்தம் வருவாயைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினோம். கணக்கர் சகோதரர் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். லாரிச் சகோதரர் இப்போது பெட்டிகளைப் பற்றிக் கேட்கிறார்.

திராட்சைக்கு அரபிகள் 'கர்ம்' என்று பெயரிட்டு, அதன் மதுவால் வள்ளன்மை பிறக்கிறது என்று எண்ணியிருந்தார்கள். அப்பெயரால் திராட்சையை அழைக்க வேண்டாம், இறைநம்பிக்கையாளரின் உள்ளமே கர்ம் என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் திருத்தினார்கள். அன்புச் சகோதர சகோதரிகளே, அடுத்த முறை ஒரு குலைத் திராட்சையை வீட்டுக்கு வாங்கி வரும்போது பிஸ்மில்லாஹ்வோடு உண்ணுங்கள். அதை வாங்கிய பணம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

யா அல்லாஹ், ஹலாலைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்கி, ஹராமை விட்டு எங்களைத் தேவையற்றவர்களாக்குவாயாக. ஆமீன்.